பெண் என்று பதிவானவை

“பொண்ணுன்னு பதிவாயிருக்கறது எல்லாத்தையும் மொத்தமா தூக்கிடறேன் சார்! திங்கக்கிழமைக்குள்ள ஒண்ணுகூட மிஞ்சாது!”

மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று ஃப்ளோரன்ஸ் கைப்பேசியில் கத்திக்கொண்டிருந்தாள். கத்திப் பேசுவது அவள் சுபாவம் இல்லை. ஆனால் திருவொற்றியூரில், எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய அந்த நாலு மாடிக் குடியிருப்பில் வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. சிக்னல் கிடைக்கும் மொட்டை மாடியிலோ காது கேட்காது. துறைமுகத்துக்குள் நுழைய வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிக்காரர்கள், வண்டிதான் நகரவில்லை, ஹாரனாவது அடிப்போம் என்று அடித்துக்கொண்டே இருப்பார்கள்.

“என்னங்க? ஒண்ணுமே கேக்கலைங்க!” என்றார் மறுமுனையில் டாக்டர் தண்டபாணி. மைசூரில் குளிர்ந்த அறையில் உட்கார்ந்திருக்கும் கோயம்புத்தூர்க்காரர்.

“ஆம்பளைங்கள மட்டும் முதல்ல அனுப்பிடறேன்னு சொன்னேன் சார்! ஆம்பளைக்குத்தானே கிராக்கி!”

போனை அணைத்துவிட்டுத் திரும்பினால் கொடிக்கயிற்றுக்கு அந்தப் பக்கம் பச்சையம்மா. முதல் மாடிக்காரி. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள். முறுக்கிப் பிழிந்த புடவையைக் கையில் பிடித்தபடியே நின்றாள். அது அவள் காலிலேயே சொட்டிக்கொண்டிருந்தது.

“இன்னாம்மா ஃப்ளோரன்ஸு... யார தூக்கப்போற?”

“ஐயோ அக்கா, அது பூச்சி. பட்டுப்பூச்சி.”

“பூச்சிலகூட ஆம்பளைக்குத்தான் கிராக்கியா?”

ஃப்ளோரன்ஸுக்கு அலுப்பாக இருந்தது. காலையிலிருந்து கண்ணைக் கொட்டாமல் திரையைப் பார்த்திருந்தாள். இருந்தாலும் சொல்லிவிட்டால் நல்லது என்று தொட்டியில் சாய்ந்துகொண்டு சொன்னாள். ஆண் புழு குறைவாகத் தின்று நிறையப் பட்டு நூற்கும். அதனால் ஆண் எது, பெண் எது என்று சீக்கிரமே தெரிந்துகொள்ள உலகத்தில் பல பேர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். புழுவின் மரபணு விவரங்களையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து வைக்கிற தகவல் தளம் ஒன்று இருக்கிறது. அதில் தப்புத் திருத்துவதுதான் தன் வேலை.

“இதெல்லாம் வூட்லயேவா பண்ற?” என்று கேட்டாள் பச்சையம்மா.

“வீட்லதான். கம்ப்யூட்டர்லயே.”

“தெரியாம கேக்கறேன், ஆபீசருங்க யாராச்சும் வந்து பாப்பாங்களா?”

“இங்க யாருக்கா வரப்போறாங்க?”

“அதானே,” என்றாள் பச்சையம்மா. புடவையை உதறிக் கொடியில் போட்டுவிட்டு யோசனையாகப் படியிறங்கினாள்.

விஷயம் புரியவில்லை போல என்று ஃப்ளோரன்ஸ் நினைத்தாள். புரிய வைக்கத் தெம்பில்லை. அவள் தலைமேல் வேறு சுமை இருந்தது.

மனிதர்களில் ஒரே மாதிரி ஜோடிக் குரோமோசோம் இருந்தால் பெண், வேறு வேறாக இருந்தால் ஆண். பட்டுப்பூச்சியில் இது தலைகீழ். இரண்டு இசட் சேர்ந்தால் ஆண். இசட்டோடு டபிள்யூ சேர்ந்தால் பெண். அவளுக்கு முன்னால் இந்த வேலையிலிருந்த புண்ணியவான் யாரோ, பூச்சியும் நம்மைப் போலத்தானே என்ற சமத்துவ எண்ணத்தில், ஆணையெல்லாம் பெண் என்றும் பெண்ணையெல்லாம் ஆண் என்றும் பதிந்துவிட்டுப் போய்விட்டான். ஃப்ளோரன்ஸ் அதைக் கண்டுபிடித்தபோது தண்டபாணி பாராட்டினார். பாராட்டின சூட்டில் அவள் எல்லாவற்றையும் ஒரே தட்டலில் மாற்றிப் போட்டாள். மறுநாள்தான் தெரிந்தது, அந்தப் புண்ணியவானே வேலையை விடும் முன்பு மனசாட்சி உறுத்தி ஒரு பாதியைத் திருத்தியிருக்கிறான். இப்போது தப்பு சரியாகியிருந்தது, சரி தப்பாகியிருந்தது. ஒவ்வொரு பதிவாக எடுத்து டபிள்யூவின் துண்டு இருக்கிறதா என்று தேடுவதைத் தவிர வேறு வழியில்லை. திங்கட்கிழமை தளத்தை உலகத்துக்குத் திறக்கிறார்கள். அதற்குள் முடியாவிட்டால் ஒப்பந்தம் நீளாது என்று தண்டபாணி இரண்டு “ங்க” சேர்த்து மரியாதையாகச் சொல்லியிருந்தார்.

அன்று சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. இரண்டாம் மாடி எழில்மொழி. நிறைமாதத்துக்கு இன்னும் நாளிருந்தாலும் வயிறு அவளுக்கு முன்பே வந்து வாசலில் நின்றது.

“அக்கா, பச்சையம்மா அத்த உங்களாண்ட போய் குந்தினு வர சொன்னாங்க.”

“எதுக்கு?”

“அது சொல்லல. குந்தினு வான்னாங்க, அவ்ளோதான்.”

வயிற்றுப் பிள்ளைக்காரியை நிற்க வைத்துக் கேள்வி கேட்க முடியுமா? ஃப்ளோரன்ஸ் நாற்காலி எடுத்துப் போட்டாள். உள்ளே புழுக்கமாயிருக்கிறது என்று எழில்மொழி நாற்காலியை இழுத்து வாசலிலேயே போட்டுக்கொண்டாள். படியேறி இறங்குகிற அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள். அவள் எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள். டீ குடித்துவிட்டு, வயிற்றைத் தடவியபடி, “ரொம்ப தாங்க்ஸ்க்கா, மனசுக்கு நிம்மதியா கீது” என்று படிக்கட்டு முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாள் தெருக்கோடியிலிருந்து இன்னொரு கர்ப்பிணியையும் கூட்டி வந்தாள்.

ஃப்ளோரன்ஸின் புருஷன் நோயல் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து பகலில் தூங்குவான். அவன் தூக்கம் கலைந்து லுங்கியை இழுத்துக் கட்டிக்கொண்டு வந்து பார்த்தான்.

“இந்தாமே, இன்னா இது? வூட்ட பிரசவ ஆஸ்பத்திரி ஆக்கினியா?”

“சும்மா உக்காந்திருக்காங்க.”

“சும்மா குந்தற எடமா இது? கீழ டீக்கடைல என்ன பாத்து ஒருத்தன் கேக்கறான், ‘அண்ணே, அண்ணி ஸ்கேன் மிசின் வாங்கிகீறாங்களாமே’ன்னு!”

ஃப்ளோரன்ஸ் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பொண்ணையெல்லாம் தூக்கிடறேன். ஆம்பளைக்குத்தான் கிராக்கி. வயிற்றிலிருக்கும் பிள்ளை ஆணா பெண்ணா என்று சொன்னால் ஜெயில் என்று எல்லா ஆஸ்பத்திரிச் சுவரிலும் எழுதிப் போட்டிருக்கிற ஊரில், அவள் மொட்டை மாடியில் நின்று ஊருக்கே அறிவித்திருக்கிறாள்.

நேரே முதல் மாடிக்கு ஓடினாள். “பச்சையம்மாக்கா, நான் அன்னிக்கே சொன்னேன்ல? அது பூச்சி! வெறும் பூச்சி!”

“நீ சொன்னத நான் இல்லன்னேனா?” என்றாள் பச்சையம்மா, முருங்கைக் கீரையை உருவியபடி. “ஆனா பாரு, பூச்சி பூச்சின்றியே, ஒரு பூச்சியையாச்சும் யாராச்சும் உன் வூட்ல பாத்துகீறாங்களா? ஜனம் கேக்குமில்ல?”

நியாயமான கேள்வியாகப் பட்டது. பூச்சியைக் கண்ணால் பார்த்தால் சந்தேகம் ஒழிந்துவிடும். மாடிக்கு ஓடித் தண்டபாணிக்குப் போன் போட்டாள். நிலைமையை விளக்க வெட்கமாயிருந்தது. “ஒப்பிட்டுப் பாக்க உயிரோட கொஞ்சம் புழு வேணும் சார்” என்று மட்டும் சொன்னாள். அவர் அகமகிழ்ந்து பஸ் பார்சலில் உடனே அனுப்பி வைத்தார்.

பெட்டி வந்தது. கொண்டு வந்தவன் கீழே நின்று, மேலே ஏறச் சோம்பல்பட்டு, பெட்டியில் ஒட்டியிருந்ததைப் படித்துக் கூவினான்.

“மூணாவது மாடி ஃப்ளோரன்ஸு! உயிருள்ள மாதிரிகள்! அம்பது பெண்! ஜாக்கிரதையா கையாளவும்!”

பத்து ஜன்னல்கள் திறந்தன.

ஃப்ளோரன்ஸ் படியிறங்கி ஓடுவதற்குள் பச்சையம்மா பெட்டியை வாங்கி வைத்திருந்தாள். “இன்னாப்பா சொன்ன? இன்னொரு தபா சொல்லு, எனக்குக் காது கொஞ்சம் மந்தம்” என்றாள். அவனும் இன்னும் உரக்கச் சொன்னான்.

பெட்டிக்குள் சுண்டுவிரல் அளவு வெள்ளைப் புழுக்கள். முசுக்கட்டை, அதாவது மல்பெரி, இலையைத் தவிர வேறெதையும் தொடாத ஜாதி. எண்ணூர்ப் புகையில் வேப்பமரமே யோசித்து யோசித்துத் துளிர்க்கிற இடத்தில் முசுக்கட்டைக்கு எங்கே போவது? நாலாம் மாடி காஜா மொய்தீன்தான் வழி சொன்னார். துறைமுகத்தில் சரக்குக் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர், வடசென்னையில் எந்த மரம் எங்கே நிற்கிறது என்பது அவருக்கு அத்துப்படி. “பேசின் பிரிட்ஜ் ரயில்வே குவார்ட்டர்ஸ் பின்னால ஒண்ணு கீதும்மா. ஆனா அங்க ஒரு நாயும் கீது.”

நோயல் ஷிப்ட் முடிந்து அங்கே போனான். இலையோடு வந்தான், கூடவே கிழிந்த பேண்ட்டோடும். இலையைப் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டான்.

சற்று நேரத்தில் அலறிக்கொண்டு எழுந்தான். “மழ வருதுமே! துணியெல்லாம் மாடில கீது!” பாதித் தூக்கத்தில் மொட்டை மாடிக்கு ஓடி, காய்ந்த துணிகளையெல்லாம், பச்சையம்மாவின் பாவாடை உட்பட, வாரிக்கொண்டு இறங்கினான். வெளியே சுள்ளென்று வெயில். புழுக்கள் கும்பலாக இலை தின்னும் சத்தம் ஓலைமேல் தூறல் விழுவது போலவே இருக்கும் என்று ஃப்ளோரன்ஸ் சொன்னபோது, பாவாடையைப் பிடித்தபடி அவளையே பார்த்தான்.

“நான் ஒரு கேள்வி கேக்கவா?”

“கேளு.”

“வேணாம், வுடு,” என்று போய்ப் படுத்தான்.

ஃப்ளோரன்ஸ் புழுத் தட்டை எல்லாரும் பார்க்கும்படி படிக்கட்டுத் திருப்பத்தில் வைத்தாள். மேலே சுவரில், ஒரு அட்டையில் தடித்த எழுத்தில் எழுதி ஒட்டினாள்.

“பட்டுப்பூச்சிகளுக்கு மட்டும்
இங்கே ஆணா பெண்ணா என்று
பார்த்துச் சொல்லப்படும்.”

விடிந்து பார்த்தால் அட்டையின் மேல்வரி கிழிந்து போயிருந்தது. கிழிந்தது காற்றிலா, ஆளாலா, தெரியவில்லை. மிச்சம் இரண்டு வரியும் தெளிவாக இருந்தன. அதைப் படம் எடுத்துக் குடியிருப்பின் வாட்ஸாப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். அங்கிருந்து அது ராயபுரம் வரை போயிருந்தது.

“நல்ல வேள, ஃபீஸு எவ்ளோன்னு போடல,” என்றான் நோயல்.

ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் பூசைக்குப் போனாள். அவள் உட்கார்ந்த பெஞ்சில் வழக்கமாக நெருக்கியடிப்பார்கள். அன்று கையைக் காலை நீட்டிக்கொள்ள இடம் கிடைத்தது. பிரசங்கம், பிறக்காத சிசுக்களைப் பற்றியது. சாமியார் அவளைப் பார்த்துப் பேசினாரா, அவள் தலைக்குமேல் இருந்த கடிகாரத்தைப் பார்த்துப் பேசினாரா என்று அவளுக்குக் கடைசிவரை புரியவில்லை. எழுந்து நின்று, “சுவாமி, அது புழு” என்று சொல்லிவிடலாமா என்றிருந்தது. சொல்லி என்ன, அதையும் யாராவது பாதி கிழித்துவிடுவார்கள் என்று உட்கார்ந்தே இருந்தாள்.

ராயபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவள் அவள். அவளைத் தெரிந்தவர்கள் இவ்வளவு சுலபமாக நம்பிவிட்டார்களே என்பதுதான் வலித்தது. அவளுக்கும் ஒரு மகள் உண்டு, விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவளுக்கு இந்தப் படம் போய்ச் சேராமல் இருக்க வேண்டுமே என்று மட்டும் வேண்டிக்கொண்டு வீடு திரும்பினாள்.

திங்கட்கிழமை காலையில் ஜீப் வந்தது.

சுகாதார அதிகாரி ரமாபாய், உதவியாளர்கள் இரண்டு பேர், ஒரு பெண் காவலர். ரமாபாய் மருத்துவர், ஐம்பதைத் தாண்டியவர், முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும், இந்த உலகத்தில் தன்னைவிட அலுத்துப்போன ஒரு ஜீவன் இருக்கிறது என்று ஃப்ளோரன்ஸுக்குத் தெரிந்தது.

“மெஷின் எங்க?”

“மேடம், மெஷின் இல்ல. நான் பட்டுப்பூச்சி...”

“எல்லாரும் ஏதாவது ஒண்ணு சொல்லுவாங்கம்மா. போன மாசம் ஒருத்தன் போட்டோ ஸ்டூடியோன்னான். புகார் வந்திருக்கு, பாத்துட்டுப் போறேன். யாரு குடுத்தாங்கன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்.”

உதவியாளர்கள் பீரோவைத் திறந்தார்கள், கட்டிலுக்கடியில் பார்த்தார்கள். கட்டில்மேல் நோயல் தூங்கிக்கொண்டிருந்தான். ரமாபாய் மேசையிலிருந்த மடிக்கணினியின் திரையைக் குனிந்து படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் மாறியது.

“பெண். ஐந்தாம் பருவம். சாராயத்தில் பாதுகாக்கப்பட்டது.” கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “பெண். ஐந்தாம் பருவம். உறைய வைத்து அரைக்கப்பட்டது.” நிமிர்ந்தார். “ஐந்தாம் பருவம்னா அஞ்சாம் மாசமா?”

பெண் காவலர் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்.

“புழு நாலு தடவ தோலுரிக்கும் மேடம்! அதுக்கப்புறம் வர்ற பருவம்! என்னை நம்பலன்னா எங்க டாக்டர்கிட்ட பேசுங்க, அவரே சொல்லுவார்!”

“டாக்டர் வேற இருக்காரா? போடுங்க போனை.”

“இங்க சிக்னல் கிடைக்காது. மாடிக்குப் போகணும்.”

ரமாபாய் கண்ணை மூடி ஒரு நிமிஷம் நின்றார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏற ஆரம்பித்தார். பின்னால் உதவியாளர்கள், காவலர், ஃப்ளோரன்ஸ். அவர்களுக்கும் பின்னால், எந்த வீட்டிலிருந்து எப்போது வந்தார்கள் என்று தெரியாமல், குடியிருப்பே ஏறியது.

போன் ஒலிபெருக்கியில் போடப்பட்டது. ஃப்ளோரன்ஸ் வாயைத் திறப்பதற்குள் தண்டபாணி முந்திக்கொண்டார்.

“ஏனுங்க ஃப்ளோரன்ஸ், அந்தப் பெண்கள இன்னுமா அழிக்காம வெச்சிருக்கீங்க? ராத்திரிக்குள்ள ஒண்ணு விடாம முடிச்சிருங்க! யாருக்கும் தெரியறதுக்கு முன்னாடி பண்ணீட்டா நம்ம பேரு தப்பிச்சுக்குங்க!”

லாரிகள்கூட அந்த ஒரு கணம் ஹாரன் அடிக்கவில்லை.

“நான் சுகாதார அதிகாரி பேசறேன்,” என்றார் ரமாபாய். “நீங்க டாக்டரா? எந்த ஆஸ்பத்திரி?”

“ஆஸ்பத்திரியெல்லாம் இல்லீங்க. நான் புழு டாக்டருங்க.”

“வயித்துப் புழுவா?”

“பட்டுப் புழுங்க!”

அதற்குப் பிறகு தண்டபாணி பேசினார். புழுவைப் பற்றிப் பேச யாராவது கேட்டால் அவர் சாப்பாட்டையும் மறந்துவிடுவார். இசட், டபிள்யூ, தவறாகப் பதிந்தது, அதை அழித்துத் திருத்துவது, எல்லாவற்றையும் சொன்னார். வெயில் ஏறிக்கொண்டே போனது. ரமாபாய் தொட்டி நிழலில் ஒண்டிக்கொண்டு, முதலில் சந்தேகமாக, பிறகு மருத்துவருக்கே உரிய ஆர்வத்தோடு கேட்டார்.

“அப்ப இந்தப் பூச்சில, பிள்ளை ஆணா பெண்ணான்னு அம்மாதான் முடிவு பண்றா?”

“ஆமாங்க. டபிள்யூ தாயிட்ட மட்டுந்தான் இருக்குதுங்க.”

கூட்டத்தின் முன்வரிசையில் நின்ற பச்சையம்மா கேட்டாள், “அப்போ நம்மள்ல யாரும்மா?”

“நம்மள்ல அப்பா,” என்றார் ரமாபாய்.

பச்சையம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். “மூணும் பொட்டையாப் பெத்தேன்னு என் மாமியாக்காரி சாவுற வரிக்கும் என்ன வஞ்சிகினே இருந்திச்சு,” என்றாள். “பூச்சிக்கு மாமியாவா பொறந்திருக்க வேண்டியது. தப்பி எனக்கு வந்து வாய்ச்சிச்சு.”

அத்தனை பேரும் சிரித்தார்கள். ரமாபாயும் சிரித்துவிட்டார். சிரித்ததில் அவருக்கு இருமல் வந்துவிட்டது. ஃப்ளோரன்ஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எல்லாம் முடிந்தது, இனி இறங்கிப் போய்விடுவார்கள், ராத்திரிக்குள் மிச்சப் பதிவுகளைப் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள்.

“தொண்ட காஞ்சி பூட்டிருக்கும். தோ, தண்ணி குடிம்மா,” என்று பச்சையம்மா சொம்பை நீட்டினாள்.

“அக்கா, இருங்க, நான் கேன் தண்ணி...” என்று ஃப்ளோரன்ஸ் பதறுவதற்குள் ரமாபாய் அண்ணாந்து ஒரு வாய் ஊற்றிக்கொண்டார்.

அப்படியே துப்பினார். பாதி அவர் புடவையில், பாதி உதவியாளரின் சட்டையில். சொம்பைக் கவிழ்த்துப் பார்த்தார். பழுப்பாக, கரைந்த கரித்தூளும் சாக்கடையும் கலந்தாற்போல ஏதோ வழிந்தது. வாடை மாடி முழுக்கப் பரவியது.

ஃப்ளோரன்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டாள். சிசுக்கொலை போதாதென்று இப்போது அதிகாரிக்கு விஷம் வைத்த குற்றமும் சேர்ந்தாயிற்று.

“என்ன தண்ணி இது?” ரமாபாயின் குரலில் இப்போது அலுப்பு இல்லை.

“எங்க பைப்பு தண்ணிதாம்மா. கலீஜா கீதா? எங்களுக்குப் பழக்கமாப் பூட்ச்சு.”

“இதையா குடிக்கிறீங்க?”

“காச்சிக் குடிக்கறோம்க்கா,” என்று எழில்மொழி வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். அவளோடு தெருக்கோடிக்காரியும் வந்து நின்றாள்.

ரமாபாய் இரண்டு வயிறுகளையும் பார்த்தார். சொம்பைப் பார்த்தார். அதே இடத்தில் நின்று போனை எடுத்தார். அவர் யார் யாரிடம் பேசினார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் லாரி ஹாரன்களை மீறிக் கேட்டது. ஸ்கேன் மெஷினைப் பிடிக்கக் கொண்டு வந்த சீல் வைக்கும் சாமான்களையெல்லாம் எடுத்து, பாட்டில் பாட்டிலாக அந்தத் தண்ணீரைப் பிடித்து சீல் வைத்தார்கள். காஜா மொய்தீன் ஒவ்வொரு குழாயாகக் கூட்டிப் போய்க் காட்டினார். ஃப்ளோரன்ஸை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்று ராத்திரி அவளால் வேலையை முடிக்க முடியவில்லை. மறுநாள் விடியலில்தான் கடைசிப் பதிவுக்கு வந்தாள். தயங்கித் தயங்கித் தண்டபாணிக்குச் சொன்னாள். “ஒரு நாள் தாமதந்தானுங்க, போகட்டும்” என்றார் அவர். “அந்த அதிகாரியம்மா ராத்திரி மறுபடி கூப்பிட்டாங்க. டபிள்யூவப் பத்தி இன்னும் மூணு சந்தேகம் கேட்டாங்க. இதுவரைக்கும் என் மாணவனுங்ககூட கேட்டதில்லீங்க.” ஒப்பந்தம் நீளும் என்றார். புழுக்கள் தின்பதை நிறுத்தித் தட்டிலேயே கூடு கட்டத் தொடங்கின. நோயல் தடையில்லாமல் தூங்கினான்.

ஜீப் வந்துபோன அந்த வாரமே தெரு தோண்டப்பட்டது. சாக்கடைக்குள் முழுகிக் கிடந்த துருப்பிடித்த குழாயை எடுத்துப் போட்டுவிட்டுப் புதிதாகப் பதித்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் தண்ணீர் விட்டபோது குடியிருப்பு மொத்தமும் கீழே குழாயடியில் கூடியிருந்தது. தண்ணீர் தண்ணீரைப் போலவே வந்தது. காஜா மொய்தீன் ஒரு டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “மாஷா அல்லாஹ்” என்றார்.

ஃப்ளோரன்ஸும் குடத்தோடு நின்றாள். எல்லாரும் அவளிடம் சிரித்துப் பேசினார்கள். பச்சையம்மா அவள் குடத்தை முதலில் வைக்கச் சொல்லி வழிவிட்டாள். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அவ்வளவு பேசியவர்கள் எப்படி இப்படி ஒன்றுமே நடக்காதது போல நடந்துகொள்கிறார்கள்?

பக்கத்தில் படிக்கட்டில் எழில்மொழி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஃப்ளோரன்ஸ் அவள் அருகில் போய் உட்கார்ந்தாள்.

“ஒண்ணு சொல்லட்டுமா எழில்? தண்ணி வந்தது சந்தோஷம். ஆனா என் மனசு ஆறல. மொத நாளே பச்சையம்மாக்காகிட்ட தெளிவா சொன்னேன், அது பூச்சின்னு. கொண்டு வந்து கண்ணுல காட்டினேன். போர்டு எழுதி வெச்சேன். இவ்ளோ பண்ணியும் என்னைப் போய் அப்படி நெனச்சுட்டீங்களே எல்லாரும். ஒருத்தருக்குக்கூடவா புரியல?”

எழில்மொழி அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஐயே, பூச்சின்னு எல்லாருக்கும் மொத நாளே புரிஞ்சிட்ச்சுக்கா, தண்ணி கலீஜா வர்துன்னு அஞ்சு வருசமா எழுதிப் போட்டோம், ஒரு ஆளு எட்டிப் பாக்கல, ‘பொம்பளப் புள்ளைய கலைக்கறாங்க’ன்னு ஒரே ஒரு போன் போட்டோம், ஜீப்பு வச்சிகினு ஓடி வந்துட்டாங்க.”